பூச்சிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

போன மாதம் எங்கள் ஊர் உழவர் கூட்டத்தில் பூச்சிவிரட்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயது இருக்கும். கரிசலில் பருத்தி போட்டே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர்.

"பேங்க் சார், எனக்கு ஒரு சந்தேகம். வாலிபத்துல டி.டி.டி. அடிச்சேன், கேட்டுச்சு. பெறவு எண்டோசல்பான் கேட்டுச்சு. அதுக்குப் பெறவு சைபர்மெத்ரின். எல்லாம் ரெண்டு மூணு வருசம் கேக்கும். அப்புறம் புழு அதுபாட்டுக்கு உக்காந்து திங்கும். அதுக்கு யாரு போய்ச் சொல்லிக் குடுக்கா?"

கூட்டம் சிரித்தது. ஆளுக்கொரு பதில் வந்தது. கம்பெனிக்காரனே மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறான் என்றார் ஒருவர். குடிகாரனுக்குச் சரக்கு பழகுகிற மாதிரி புழுவுக்கும் மருந்து பழகிவிடுகிறது என்றார் இன்னொருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நான் எழுபதுகளில் தூத்துக்குடியில் விலங்கியல் பட்டம் படித்தவன். டார்வின் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு, பேங்க் பரீட்சை எழுதி, முப்பத்தஞ்சு வருஷம் பேரேடு புரட்டியவன். "பழகிவிடுகிறது" என்பது தப்பான பதில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தலையாட்டினேன். அன்றைக்கு அந்த அண்ணாச்சிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குளத்தூர் பக்கம் அப்பாவின் ஆறு ஏக்கர் மானாவாரி நிலத்தில் இறங்கினேன். எல்லாரையும் போல பி.டி. பருத்தி போட்டேன். அந்தப் பாக்கெட்டில் 450 கிராம் பி.டி. விதை இருக்கும். கூடவே சின்னதாக இன்னொரு பாக்கெட், 120 கிராம், அதில் பி.டி. இல்லாத சாதாப் பருத்தி விதை. இதைச் சுற்றிலும் ஐந்து வரிசையாவது நடச் சொல்லி அச்சடித்திருக்கும். நான் நடவில்லை. புழு தின்னட்டும் என்று யாராவது விதைப்பார்களா? பேங்கில் உட்கார்ந்து மற்றவர்களின் கடன் மனுவை வரிவரியாகப் படித்தவன், என் கையில் இருந்த காகிதத்தைப் படிக்கவில்லை. அந்த விதையை மாட்டுக்கு ஆட்டி வைத்தோம்.

மூன்றாம் வருஷம் தை மாசத்தில் பூ சில செடிகளில் விரியாமல் ரோசா மொட்டு மாதிரி சுருண்டு நின்றது. காயை உடைத்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் புழு. வெடித்த சுளையில் பஞ்சு மஞ்சளடித்து, இரண்டு விதை ஒட்டிக் கிடந்தது. ஆறு ஏக்கரில் எடுத்த பஞ்சை விற்ற பணம் எடுப்புக் கூலிக்கே போயிற்று. புழு வராது என்று நம்பி வாங்கிய விதை அது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது 2002-இல். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நச்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணுவைப் புகுத்தியது அது. 2010-இலேயே குஜராத்தில் அம்ரேலி, பாவ்நகர், ஜுனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நச்சைத் தாங்குகிறது என்று விதையைக் கொண்டுவந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நச்சு உள்ள அடுத்த ரகம் 2006-இல் வந்திருந்தது. அதுவும் பத்து வருஷம் தாங்கவில்லை.

சரி, புழுவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிறப்பவை ஏராளம்

எங்கள் கடலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு முத்துச்சிப்பி லட்சக்கணக்கில் முட்டை விடும். அத்தனையும் பிழைத்தால் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கடலில் தண்ணீருக்கு இடம் இருக்காது. நடப்பது என்ன? பார் நிறையக் குஞ்சுச் சிப்பி இருப்பதாகக் கணக்கெடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த பருவத்தில் வந்து பார்த்தால் பார் வெறுமையாகக் கிடக்கும். அதனால்தான் முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற தொழிலாக என்றைக்கும் இருந்ததில்லை. தூத்துக்குடியில் கடைசியாக 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்தது. அதோடு சரி. (1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது வேறு கதை.)

சிப்பி மட்டுமல்ல. ஒரு காய்ப்புழு அந்துப்பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு சீமைக் கருவேலமரம் எத்தனை நெத்து உதிர்க்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் உண்டா? பிறப்பவை ஏராளம், பிழைத்துப் பிள்ளை பெறுபவை சில. அந்தச் சில எவை என்பதுதான் கேள்வி.

எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றால், பிழைப்பது முழுக்க அதிர்ஷ்டம். ஆனால் எதுவும் அப்படி இல்லை. ஒரே காட்டில் ஒரே விதையில் முளைத்த கம்பில் ஒரு கதிர் முழம் நீளம், ஒன்று சாண். ஒன்று பத்து நாள் முந்துகிறது. எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் வலம்புரிச் சங்கு. சங்கெல்லாம் ஒரு பக்கம் சுற்றியிருக்க, எப்போதாவது ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றிப் பிறக்கிறது. நாம் அதைப் பூஜையறையில் வைக்கிறோம். சங்குக்கு அதனால் லாபமா என்பது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் இப்படி எதிர்ப்பக்கம் சுற்றிய ஒரு தோட்டத்து நத்தை கிடைத்தது. ஜெரமி என்று பெயர் வைத்தார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கஸ் டேவிசன் என்பவர் அதை வளர்த்தார். ஓடு எதிர்ப்பக்கம் சுற்றினால் உடம்பின் உறுப்புகளும் இடம் மாறியிருக்கும், அதனால் மற்ற நத்தைகளோடு சேர முடியாது. 2016-இல் ஜெரமிக்குத் துணை வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் மாதிரியே போட்டார்கள். அதே மாதிரி சுற்றிய இரண்டு நத்தைகள் வந்தன. அவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டு ஜெரமியை விட்டுவிட்டன! கடைசியில் ஜெரமியும் சேர்ந்து, 2017-இல் சாவதற்குள் குஞ்சு பார்த்தது. அந்தக் குஞ்சுகள் அத்தனையும் வழக்கமான பக்கமே சுற்றியிருந்தன. அந்த இனத்தில் எதிர்ச்சுற்று பெரும்பாலும் வளர்ச்சியில் நேர்ந்த பிசகு, பரம்பரையாகப் போவதில்லை என்று பிறகு தெரிந்தது.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, வேறுபாடு பிழைப்பைப் பாதிக்கும். ஜெரமிக்குத் துணை கிடைக்கவே பாடாகிவிட்டது. இரண்டு, பிள்ளைக்குப் போகாத வேறுபாடு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். பிள்ளைக்குப் போகிற வேறுபாடாக இருந்தால்தான் கதை தொடரும். ஜப்பானில் சில நில நத்தைகளுக்கு எதிர்ச்சுற்று பரம்பரையாகப் போகிறது. அங்கே நத்தை தின்னும் ஒரு பாம்புக்கு வலது தாடையில் பல் அதிகம், வழக்கமாகச் சுற்றிய நத்தையை உருவித் தின்னத் தோதாக அமைந்த வாய். எதிர்ப்பக்கம் சுற்றிய நத்தையை அதனால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. அந்தப் பாம்பு வாழும் இடங்களில் எதிர்ச்சுற்று நத்தைகள் அதிகம். ஓரிடத்தில் தொல்லையாக இருந்த அதே வேறுபாடு இன்னோரிடத்தில் உயிர் காக்கிறது.

ஆக, வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைக்குப் போக வேண்டும், அதனால் யார் அதிகம் பிள்ளை விடுகிறார்கள் என்பது மாற வேண்டும். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மாறியே தீரும். இதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். 1858-இல் சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் வாலஸும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்து ஒரே கூட்டத்தில் இருவர் கட்டுரையும் வாசிக்கப்பட்டது. அடுத்த வருஷம் டார்வின் புத்தகம் வந்தது. அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே பண்ணையும் புறாக்கூண்டும்தான். விதை பொறுக்குகிறவனும் கிடா பொறுக்குகிறவனும் செய்வதை முதலில் காட்டிவிட்டு, ஆள் இல்லாமலே இயற்கையில் அது நடக்கிறது என்று பிறகு சொல்கிறார். உழவனுக்குப் புரியாத அத்தியாயம் அதில் எதுவும் இல்லை.

மூன்று மருந்து கணக்கு

இப்போது புழுவுக்கு வருவோம். நான் பேங்க்காரன், கூட்டுவட்டியாகப் போட்டால்தான் எனக்கே புரியும். ஒரு காட்டில் ஒரு லட்சம் புழு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தே பத்துக்கு, மருந்து வருவதற்கு முன்பே, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும் உடம்பு. மருந்து அடிக்கிறோம். சாதாப் புழுவில் நூற்றுக்கு ஒன்று தப்பிக்கிறது. இலைக்கு அடியில் கிடந்ததோ, மருந்து படாததோ. ஆக ஆயிரம் சாதாப் புழு, பத்து தாங்கும் புழு. "மருந்து நல்லாக் கேட்டுச்சு" என்று ஊரெல்லாம் சொல்வோம்.

மிச்சம் இருப்பவை பெருகி மறுபடி ஒரு லட்சம் ஆகின்றன. இப்போது தாங்கும் புழு பத்து அல்ல, ஏறக்குறைய ஆயிரம். இரண்டாம் மருந்து. சாதாப் புழுவில் ஆயிரம் மிச்சம், தாங்கும் புழுவிலும் ஆயிரம் மிச்சம். பாதிக்குப் பாதி. இப்போதும் மருந்து கேட்பது போலத்தான் தெரியும், இரண்டாயிரம் புழுதானே கண்ணில் படுகிறது. அவை பெருகியதும் ஐம்பதாயிரம் தாங்கும் புழு. மூன்றாவது மருந்து அடித்தால் சாதாப் புழுவில் ஐந்நூறு மிச்சம், தாங்கும் புழு ஐம்பதாயிரமும் அப்படியே. அடித்த மருந்துக்கு அர்த்தமே இல்லை.

வயலில் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு ஓடாது. பக்கத்துக் காட்டுப் புழு வரும், காற்றும் மழையும் குறுக்கே வரும், அதனால் இன்னும் சில வருஷம் இழுக்கும். ஆனால் போகிற திசை இதுதான். இதில் எந்தப் புழுவும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எந்தப் புழுவுக்கும் எதுவும் பழகவில்லை. மருந்து தின்ற புழு செத்தது. செத்த புழு யாருக்கும் பாடம் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த பத்துப் பேரை மருந்து பொறுக்கி எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

"ஏற்கெனவே இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? மருந்து பட்ட பிறகு மாறியிருக்கலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற கணவன் மனைவி ஒரு சோதனை செய்தார்கள். நான் படித்ததிலேயே அழகான சோதனை. ஒரு தட்டில் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். வட்டக் கட்டையில் வெல்வெட் துணியைக் கட்டி, பேங்கில் முத்திரை குத்துகிற மாதிரி அந்தத் தட்டில் ஒற்றி, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினார்கள். புள்ளிகள் இருந்த இடம் மாறாமல் நகல் வந்துவிடும். மருந்துத் தட்டுகளில் அநேகமாக எல்லாம் செத்தன, சில இடங்களில் மட்டும் வளர்ந்தன. எல்லா நகலிலும் ஒரே இடத்தில்! உடனே மூலத் தட்டில் அதே இடத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தார்கள். மருந்தைக் கண்ணால்கூடப் பார்க்காத அந்த மூலத் தட்டில், அதே இடத்தில் மருந்து தாங்கும் பாக்டீரியா இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

பூச்சியில் இது புதிய சங்கதியும் அல்ல. 1914-லேயே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மெலாண்டர் என்பவர், பழத்தோட்டத்துச் செதில் பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சாகவில்லை என்று எழுதிவிட்டார். டி.டி.டி. வந்து சில வருஷத்திலேயே, 1946-47 வாக்கில், அதற்குச் சாகாத வீட்டு ஈ வந்துவிட்டது. இன்றைக்கு ஏதாவது ஒரு மருந்தைத் தாங்கும் பூச்சி இனங்கள் 500-க்கும் மேல். 1987-88-இல் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பைரித்ராய்டு மருந்துகளை அடித்து அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகாமல் பருத்தி அழிந்து, கடன்பட்ட உழவர்கள் உயிரை விட்டார்கள். அப்போது நான் கரிசல் ஊர் ஒன்றில் பேங்கின் கள அலுவலர். பருத்திக் கடனில் மருந்து வாங்கிய ரசீதை வைத்தால்தான் அடுத்த தவணை என்று நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்றும் வாங்கினேன். புழுவைப் பொறுக்கும் வேலைக்குக் கடன் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. விலங்கியல் படித்தவனுக்கு இது தெரியவில்லை என்றால் அது மன்னிக்கக்கூடிய விஷயம் இல்லை.

அந்த 120 கிராம் பாக்கெட்டுக்கு இப்போது அர்த்தம் சொல்லிவிடலாம். பி.டி. நச்சைத் தாங்கும் குணம் புழுவுக்குப் பெரும்பாலும் தாய், தகப்பன் இரண்டு வழியாகவும் வந்தால்தான் வேலை செய்யும். ஜாயின்ட் அக்கவுண்ட் மாதிரி, இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் செக் பாஸாகும். சாதாப் பருத்தி ஐந்து வரிசை இருந்தால் அதில் சாதாப் புழு நிறைய வளரும். பி.டி. செடியில் தப்பித்த ஒன்றிரண்டு அந்து, அந்தச் சாதா அந்தோடு சேரும். பிறக்கும் பிள்ளைக்கு ஒரே கையெழுத்துதான் இருக்கும், பி.டி. செடியைத் தின்றால் செத்துவிடும். அந்த வரிசைகள் இல்லையென்றால் தப்பித்தது தப்பித்ததோடுதான் சேரும், எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கையெழுத்தும் இருக்கும். நான் மாட்டுக்கு ஆட்டி வைத்தது அந்த ஒற்றைக் கையெழுத்தைத்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் இதே புழு, இதே மாதிரிப் பருத்தி. சாதாப் பருத்தியைக் கட்டாயமாக நட்டார்கள், பத்து வருஷத்துக்கு மேல் நச்சு கேட்டது. பிறகு மலட்டு அந்துகளை விமானத்திலிருந்து விட்டு, 2018-இல் நாட்டிலிருந்தே புழுவை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கம் உழவர்கள் செலவு மிச்சம் பிடிக்க ஒட்டுரகத்தின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். அதில் கால்வாசிச் செடி சாதாவாக முளைக்கும். யாரும் திட்டமிடாமலே புழுவின் எதிர்ப்பு குறைந்தது.

வளையமும் கதிரும்

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது சிப்பிகுளத்தில் ஒரு பழைய சங்குகுளியோடு பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. பேங்கில் இருந்த காலத்தில் வலைக் கடனுக்காக அறிமுகமானவர். "57 மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச சங்கு எடுத்தா ஆகாது சார். அளவுல நிக்கலைன்னா உயிரோட திரும்பக் கடல்ல போட்டுரணும்" என்றார். குஞ்சு வளர்ந்து ஒரு தடவையாவது முட்டை வைக்கட்டும் என்பதற்கான சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. அறுப்புக்கு முன்னால் கம்பங்காட்டுக்குள் அவள் தனியாக நடப்பாள். நுனிவரை மணி பிடித்த, நோய் இல்லாத, முந்தி முற்றிய கதிரை மட்டும் பொறுக்கி மடியில் கட்டுவாள். அது அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். மற்றதெல்லாம் கஞ்சிக்கு.

கடலில் பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை விடுகிறோம். காட்டில் சிறியதைத் தின்றுவிட்டுப் பெரியதை விதைக்கு விடுகிறோம். விட்டுவைத்ததுதானே அடுத்த தலைமுறைக்குத் தாய்? கடலில் இது என்ன செய்யும் என்று நியூயார்க்கில் டேவிட் கானவர், ஸ்டீபன் மன்ச் என்ற இருவர் சில்வர்சைடு என்ற சின்ன மீனில் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். சில தொட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, பெரிய மீனாகவே எடுத்தார்கள். சில தொட்டிகளில் சிறிய மீனாகவே எடுத்தார்கள். நாலே தலைமுறையில் இரண்டு வகைத் தொட்டி மீன்களுக்கும் சராசரி எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் பெரிய காட் மீன்களைப் பல பத்தாண்டு அள்ளிய பிறகு, மிஞ்சிய மீன்கள் சின்ன உடம்பிலேயே, சின்ன வயசிலேயே சினைபிடிக்கத் தொடங்கியிருந்தன. 1992-இல் அந்த மீன்பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று.

அப்பத்தா டார்வினைப் படித்ததில்லை. புழுவுக்கு நாம் செய்ததை அவள் கம்புக்குச் செய்தாள். ஒரே கணக்குதான், பற்றும் வரவும்தான் இடம் மாறியிருக்கிறது.

இங்கே ஒரு தம்பி குறுக்கே கேட்பார்: "புழு மருந்தைத் தாங்குது, சரி. புழு புழுவாத்தானே இருக்கு? ஒண்ணு இன்னொண்ணா மாறுமா?" கேட்க வேண்டிய கேள்வி.

2016 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், மணப்பாடு, ஆலந்தலைக் கரையில் திமிங்கிலங்கள் ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். எண்பதுக்கும் மேல். மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு கட்டி இழுத்து ஆழத்துக்குத் தள்ளினார்கள். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன. நாற்பதுக்கு மேல் செத்துப்போயின. நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். மூச்சுக்குத் துவாரம் தலை உச்சியில். கடலிலேயே பிறந்து வளர்ந்தாலும் அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப் போலக் காற்றைத்தான் மூச்சுவிட வேண்டும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அந்தத் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டு, விரல்கள். நீந்துவதற்கு விரல் எதற்கு? உடம்புக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் முதுகெலும்போடு ஒட்டாமல் கிடக்கும். பின்னங்காலே இல்லாத பிராணிக்கு இடுப்பெலும்பு எதற்கு?

பதில் நம் நாட்டுப் பாறையிலேயே இருக்கிறது. கட்ச் பகுதிப் பாறைகளில் கால் உள்ள பழங்காலத் திமிங்கிலங்களின் எலும்பு கிடைத்திருக்கிறது. ஜம்மு பக்கம் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற புவியியலாளர் சேகரித்து வைத்திருந்த கல்லை, அவர் இறந்து பல வருஷம் கழித்து உடைத்துப் பார்த்தபோது, சுமார் 4.8 கோடி வருஷத்துக்கு முந்திய, குட்டி மான் அளவுள்ள ஒரு குளம்புப் பிராணி இருந்தது. இந்தோஹையஸ் என்று பெயர். அதன் காது எலும்பு திமிங்கிலத்தின் காது எலும்பைப் போலவே தடித்திருந்தது. 2007-இல் இது வெளியானது. இது ஒரு பக்கம். இதோடு சம்பந்தமே இல்லாமல் ஆய்வகத்தில் மரபணுவை ஒப்பிட்டவர்கள், உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று கண்டார்கள். அதுவும் குளம்புக் குடும்பம்தான். பேரேட்டை ஒருவர் எழுதி, நாள்வழியை வேறொருவர் வேறு ஊரில் எழுதி, இரண்டின் கூட்டலும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் ஆடிட்டர் என்ன சொல்வார்? இரண்டும் உண்மை என்றுதான் சொல்வார்.

கரையில் இன்னொரு சாட்சியும் சும்மா கிடக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுப்பார்களே, அந்த வெள்ளை ஓடு. அது கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. சங்கும் சிப்பியும் கணவாயும் ஒரே பெருங்குடும்பம். கணவாயின் மூதாதைக்கு ஓடு வெளியே இருந்தது. வேகமாக நீந்திப் பிழைத்த வம்சத்தில் அது சிறுத்து உள்ளே போய், மிதப்பதற்குப் பயன்படுகிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் ஒன்றைப் பொறுக்கிப் பாருங்கள். எடையே இருக்காது.

இயற்கை விவசாயி தப்பித்தானா?

இதுவரை படித்துவிட்டு, "நாம்தான் மருந்தே அடிப்பதில்லையே" என்று யாராவது மீசை முறுக்கினால் அவருக்கு ஒரு சேதி. பி.டி. பாக்டீரியாவைத் தெளிப்பானில் அடிப்பது இயற்கை விவசாயத்தில் ஒப்புக்கொண்ட முறை. ஹவாய்த் தீவுகளில் அதை ஓயாமல் அடித்த தோட்டங்களில், முட்டைக்கோஸ் தின்னும் வைரமுதுகு அந்தின் புழு அதைத் தாங்கிவிட்டது என்று 1990-லேயே எழுதிவிட்டார்கள். புழுவுக்கு ரசாயனம், இயற்கை என்று பேதம் கிடையாது. ஒரே அடியை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அடித்தால் அதைத் தாங்குவது மிஞ்சும்.

வேம்பில் ஒரு நல்ல சோதனை உண்டு. கனடாவில் ஃபெங், இஸ்மன் இருவர் 1995-இல் வெளியிட்டது. அசுவினியை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வேம்பிலிருந்து பிரித்தெடுத்த அசாடிராக்டின் மட்டும். மற்றதற்கு வேப்பங்கொட்டைச் சாறு முழுசாக. நாற்பது தலைமுறை கழித்துப் பார்த்தால், தனி அசாடிராக்டின் பட்ட கூட்டம் ஒன்பது மடங்கு தாங்கியது. முழுச் சாறு பட்ட கூட்டத்துக்கு எதிர்ப்பு வரவில்லை. ஒரு பூட்டுக்குச் சாவி கிடைக்கலாம், ஒரே கதவில் பத்துப் பூட்டு என்றால் பத்துக்கும் சேர்ந்து சாவியோடு பிறப்பது அபூர்வம். கடையில் விற்கும் சுத்திகரித்த வேப்ப மருந்தைவிட வீட்டில் இடித்த வேப்பங்கொட்டைக் கரைசல் எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் காரணம். செலவு குறைவு என்பது முதல் காரணம், மறைக்கவில்லை.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். ஆறு ஏக்கரிலும் பருத்தி போடுவதில்லை. இரண்டு ஏக்கர் கருங்கண்ணி, நடுவில் உளுந்தும் பாசியும், ஓரத்தில் துவரை. துவரையில் பச்சைப் புழு வந்தால் அதன்மேல் கை வைப்பதில்லை, அது என் 120 கிராம் பாக்கெட். கருங்கண்ணி நம்ம நாட்டுப் பருத்தி. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அதில் பல ரகம் பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. நம்மாழ்வார் ஐயா அறுபதுகளில் வேலை பார்த்ததும் அந்த நிலையத்தில்தான். கருங்கண்ணியில் புழுவே வராது என்று பொய் சொல்ல மாட்டேன், வருகிறது. கடைசி எடுப்பு முடிந்ததும் கிடை ஆட்டை உள்ளே விட்டு, மிச்சக் காயோடு புழுவையும் மேய விடுகிறேன், பருத்திமாரைக் காட்டில் நிறுத்தி வைப்பதில்லை. பஞ்சு முன்பு போலக் கொட்டவில்லை. ஆனால் எடுப்புக் கூலிக்குக் கடன் வாங்கவில்லை, மூன்று வருஷமாக.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் படித்துக் காட்டினேன். மூன்று மருந்து கணக்கை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்போ சொல்லிக் குடுத்தது நாமதானா சார்?"

"சொல்லிக் குடுக்கலை அண்ணாச்சி, பொறுக்கிட்டோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், சாணியில் உருட்டிக் காயவைத்த கருங்கண்ணி விதை ஒரு படி கொண்டுவந்தார். அவர் அய்யா காலத்திலிருந்து விடாமல் பொறுக்கி வைத்த விதையாம். புரட்டாசிக்குப் போடச் சொன்னார். விலை கேட்டேன், விற்பதில்லை என்றார். கடனாகத்தான் தருவாராம்.

"வட்டி எவ்வளவு அண்ணாச்சி?"

"ஒரு படிக்கு ரெண்டு படி. மொத எடுப்புல நல்ல செடியாப் பாத்து எடுத்துக் குடுங்க. கடைசி எடுப்பு விதையைக் கொண்டாந்து என் தலையில கட்டிராதீக."